உங்களுக்குத் தெரியுமா? காலையில் ஏரி, மதியம் கோட்டை, மாலையில் எரிமலை!

ஒரு சின்ன வேன். பதினாறே சீட். டிரைவர்தான் கைடு, கைடுதான் டிரைவர்! காலையில் கிளாஸ்கோவில் ஏறினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். அந்த ஒரே பகலில் ஸ்காட்லாந்து ஜன்னலுக்கு வெளியே என்னென்ன வைத்திருக்கிறது தெரியுமா? தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பிடியுங்கள்!

ஸ்காட்லாந்தில் நன்னீர் ஏரிகள் மட்டும் 30,000-க்கு மேல்!

முதல் நிறுத்தமே முதல் பரிசு. லாக் லோமண்ட்! பரப்பளவில் பிரிட்டன் தீவின் மிகப் பெரிய ஏரி. 71 சதுர கிலோமீட்டர்! கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இந்த ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 8 மீட்டர்தான் உயரம். ஆழமோ 190 மீட்டர். ஏரியின் தரை கடல் மட்டத்துக்குக் கீழே 180 மீட்டரில் கிடக்கிறது!

ஏரிக்குள் ஒரு தீவு. பெயர் இன்ச்கோனகன். அங்கே ஆஸ்திரேலிய வாலபிகள்! ஆமாம், கங்காரு குடும்பத்து வாலபிகள்தான். 1940-களில் ஒரு சீமாட்டி கொண்டுவந்து விட்டார். பனியிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகப் பெருகிவிட்டன!

யார் அந்தச் சீமாட்டி? ஆரன் கோமகள் ஃபியோனா. வாலபி வளர்த்ததோடு நிற்கவில்லை. 1980-ல் விசைப்படகில் மணிக்கு 100 மைலைத் தாண்டிப் பாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 62!

1263-ல் லாக் லோமண்டுக்குள் நார்வே வைக்கிங்குகள் படகோடு வந்து கொள்ளையடித்தார்கள். ஆற்று வழியாக வரவில்லை. பிறகு எப்படி? படகுகளைத் தரையில் இழுத்தே கொண்டுவந்தார்கள்! கடற்கழியின் கரையிலிருந்து ஏரிக்கரை வரை சுமார் 3 கிலோமீட்டர்!

இந்த ஏரியின் குறுக்கே பூமியில் ஒரு பெரும் பிளவு ஓடுகிறது. அதன் மேல் சில தீவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. பிளவுக்குத் தெற்கே தாழ்நிலம், வடக்கே மலைநாடு. இரண்டு நிலங்களையும் ஒரே ஏரியில் பார்த்துவிடலாம்!

கரையோரம் நிமிர்ந்து நிற்கும் பென் லோமண்ட் மலை 974 மீட்டர். ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டிய மலைகளுக்கு ‘மன்றோ’ என்று பெயர். மொத்தம் 282! அதில் தென்கோடியில் நிற்பது இதுதான்.

சர் ஹியூ மன்றோ 1891-ல் பட்டியல் போட்டார். அத்தனை மலையிலும் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். முடிக்காமலே 1919-ல் காலமானார். இன்றைக்கு அந்தப் பட்டியலை முடித்தவர்கள் 7,000 பேருக்கு மேல்! 2023-ல் ஒரு பெண்மணி 282 மலைகளையும் 31 நாளில் முடித்தார். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போனதும் நடையிலும் சைக்கிளிலும் படகிலும்தான். மோட்டார் வண்டி கிடையாது!

வேன் இப்போது மூச்சு வாங்கி ஒரு கணவாய் ஏறுகிறது. உச்சியில் ஒரு கல். ‘இளைப்பாறு, நன்றி சொல்’ என்று 18-ஆம் நூற்றாண்டில் சாலை போட்ட சிப்பாய்கள் செதுக்கி வைத்தார்கள். இன்று அந்தக் கணவாயின் பெயரே அதுதான்!

கவிஞர் ஜான் கீட்ஸ் 1818-ல் இங்கே நடந்தே வந்தார். விடிகாலை 4 மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில்! பெயரைக் கேட்டு இது ஒரு விடுதி என்று நினைத்துவிட்டார். வந்து பார்த்தால் வெறும் கல். காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் 8 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது!

இன்வரேரி கோட்டை! ஆர்கைல் கோமகன் புதுக் கோட்டை கட்ட நினைத்தார். பக்கத்திலேயே ஊர் இருந்தது. என்ன செய்தார்? ஊரையே பெயர்த்து வேறு இடத்தில் கட்டிவிட்டார்! இன்று நீங்கள் தேநீர் குடிக்க இறங்கும் இன்வரேரி, அப்படி இடம் மாறிய ஊர்தான்.

கோட்டைக்குள் ஆயுதக்கூடத்தின் விதானம் 21 மீட்டர் உயரம். ஸ்காட்லாந்திலேயே உயரமான அறை! சுவரில் துப்பாக்கியும் வாளும் ஈட்டியும் பூக்கோலமாக அடுக்கியிருக்கின்றன. கோமகன் குடும்பம் இன்றும் இதே கோட்டையில்தான் வசிக்கிறது!

கோட்டைக்கு எதிரே தெரிவது லாக் ஃபைன். இது ஏரி இல்லை, கடல்! ஸ்காட்லாந்தின் மிக நீளமான கடற்கழி. சுமார் 65 கிலோமீட்டர்!

அடுத்தது லாக் ஆ. ஸ்காட்லாந்தின் மிக நீளமான நன்னீர் ஏரி. 41 கிலோமீட்டர்! அதன் ஓரத்தில் கில்ஹர்ன் கோட்டை. காலண்டர்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஆனால் இது தெரியுமா? 1760-ல் இடி விழுந்தது. ஒரு மூலைக் கோபுரத்தின் உச்சி பிய்த்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தது. விழுந்தது விழுந்தபடி, தலைகீழாக, இன்றும் அங்கேயே கிடக்கிறது! 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் யாரும் நிமிர்த்தவில்லை!

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்தது. அதே ஏரிக்கரையில் பென் க்ரூவகன் என்று ஒரு மலை, 1,126 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பாறையும் புல்லும். உள்ளே? ஒரு முழு மின்நிலையம்!

மலையைக் குடைந்து, 1 கிலோமீட்டர் உள்ளே போனால் விசையாழிக் கூடம். 91 மீட்டர் நீளம், 36 மீட்டர் உயரம்! 1959-ல் குடைய ஆரம்பித்தார்கள். 1965-ல் இரண்டாம் எலிசபெத் ராணி வந்து திறந்து வைத்தார். 4,000 பேர் உழைத்தார்கள். 15 பேர் உள்ளேயே உயிரை விட்டார்கள்.

வேலை செய்யும் விதம் இன்னும் அருமை. மின்சாரம் மிச்சமிருக்கும்போது ஏரித் தண்ணீரை மலைமேல் இருக்கும் அணைக்கு ஏற்றுகிறது. ஊருக்கு மின்சாரம் அவசரமாகத் தேவைப்பட்டால் அதே தண்ணீரைக் கீழே விடுகிறது. சுழன்றபடி காத்திருக்கும் விசையாழி, முழு உற்பத்திக்கு வர 30 விநாடி போதும்! மொத்தத் திறன் 440 மெகாவாட்! கீழே கோட்டையைப் படமெடுக்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு இந்த மலை உள்ளே வெற்றிடம் என்று தெரியும்?

கடற்கழி நடுவே ஒரு பாறை. அதன்மேல் ஒற்றைக் கோபுரமாக ஸ்டாக்கர் கோட்டை. சுமார் 1620-ல் குடிபோதையில் பந்தயம் கட்டி இந்தக் கோட்டையை இழந்தார் அதை வைத்திருந்த குலத் தலைவர். பதிலுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? எட்டுத் துடுப்புப் படகு ஒன்று!

இப்போது வேனில் பேச்சு நின்றுவிடும். க்ளென்கோ பள்ளத்தாக்கு வந்துவிட்டது!

இருபக்கமும் வானத்தை மறைக்கும் இந்தப் பாறைச் சுவர்கள் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு மாபெரும் எரிமலையின் மிச்சம்! வெடித்த எரிமலையின் வாய் வட்டமாக உடைந்து அப்படியே பூமிக்குள் அமிழ்ந்துபோகும். இதை நிலவியலாளர்கள் 1909-ல் முதன்முதலாக விளக்கியது இந்த மலைகளை வைத்துத்தான். உலகம் முழுக்க எரிமலைப் பாடங்களில் க்ளென்கோ உண்டு!

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு துயரமும் உண்டு. 1691 முடிவதற்குள் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. இங்கே வாழ்ந்த மெக்டொனால்ட் குலத்தின் தலைவர் கடைசி நாளில் புறப்பட்டார். போனது ஃபோர்ட் வில்லியத்துக்கு. அங்கே பிரமாணம் வாங்க அதிகாரம் இல்லை. பனியில் இன்வரேரிக்கு ஓடினார். பிரமாணம் செய்தபோது ஜனவரி 6. தாமதம் சில நாள்தான்!

பிறகு அரசின் படைவீரர்கள் சுமார் 120 பேர் க்ளென்கோவுக்கு வந்தார்கள். விருந்தாளிகளாக! மெக்டொனால்டுகள் வீட்டில் இடம் கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். பன்னிரண்டு நாள் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்தார்கள். 1692 பிப்ரவரி 13 விடிவதற்கு முன் அதே விருந்தாளிகள் 38 பேரைக் கொன்றார்கள். தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் உறைந்து இறந்தார்கள். நம்பி இடம் கொடுத்தவனைக் கொல்வதை ஸ்காட்லாந்துச் சட்டம் சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றமாக வைத்திருந்தது. மனம் கனக்கிறது.

படையை நடத்தி வந்த தளபதி கேம்பெல் குலத்தவர். 330 ஆண்டுகள் ஓடிவிட்டன. க்ளென்கோவின் பழைய விடுதி ஒன்றில் வரவேற்பறைக் கதவில் இன்றும் ஒரு பலகை: ‘கூவி விற்பவர்களுக்கும் கேம்பெல்களுக்கும் அனுமதி இல்லை’!

ஹாரி பாட்டர் மூன்றாம் படத்தில் ஹாக்ரிட்டின் குடிசையை வைத்தது இதே பள்ளத்தாக்கில்! ‘ஸ்கைஃபால்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் காரை நிறுத்திவிட்டு மலைகளைப் பார்த்து நிற்கும் இடமும் பக்கத்துப் பள்ளத்தாக்குதான்!

கொஞ்சம் வடக்கே எட்டிப் பார்த்தால் பென் நெவிஸ். பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரம். பல காலம் 1,344 மீட்டர் என்று எழுதினார்கள். 2016-ல் செயற்கைக்கோள் கருவியால் அளந்தார்கள். 1,344.527! முழு எண்ணாக எழுதினால் 1,345. வரைபடமெல்லாம் மாறியது! அதைவிட ஆச்சரியம், 1949-ல் கருவிகளை மேலே சுமந்து அளந்தவர்களின் கணக்கு சில சென்டிமீட்டர்தான் தவறியிருந்தது!

1911-ல் அந்தச் சிகரத்துக்கு ஃபோர்டு கார் ஓட்டிப் போனார் ஒருவர்! 2006-ல் உச்சியில் குப்பை பொறுக்கிய தொண்டர்கள் கற்குவியலுக்கு அடியில் ஒரு பியானோவின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள்!

பென் நெவிஸ் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறி இறங்க நமக்கு ஒரு பகல் வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் 1984-ல் ஒருவர் எடுத்த நேரம் 1 மணி 25 நிமிடம் 34 விநாடி!

இதோ, இதைவிடப் பெரியது! 1883 முதல் 1904 வரை சிகரத்தில் ஒரு வானிலை நிலையம் இருந்தது. 1894-ல் சில நாள் அங்கே வேலை பார்க்க வந்தார் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர். மேகத்தின் மீது விழுந்த ஒளி வளையங்களைப் பார்த்து மயங்கினார். அதைச் சோதனைச் சாலையில் செய்து பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், கண்ணுக்குத் தெரியாத அணுத்துகளின் பாதையைக் காட்டும் மேக அறையைக் கண்டுபிடித்தார். 1927-ல் இயற்பியல் நோபல் பரிசு!

க்ளென்கோவைத் தாண்டியதும் ரானக் சதுப்புவெளி. கண்ணுக்கெட்டிய வரை புல், கல், நீர். இதன் மீது ரயில் போகிறது! தண்டவாளம் நிற்பது எதன் மேல்? மரவேர், சுள்ளி, மண், சாம்பல் இவற்றைக் கொட்டிப் பரப்பிய மெத்தை மேல்! 1894-ல் போட்ட மெத்தை. இன்றும் தாங்குகிறது!

பாதி வேலையில் பணம் தீர்ந்தது. ரெண்டன் என்ற ரயில் நிறுவன இயக்குநர் சொந்தப் பணத்தைக் கொட்டினார். தொழிலாளர்கள் ஒரு பெரும்பாறையில் அவர் முகத்தைச் செதுக்கினார்கள். ரானக் நிலையத்தில் இன்றும் அந்த முகம் ரயில்களைப் பார்த்தபடி நிற்கிறது!

அதே பாதையில் கொரவர் நிலையம். 408 மீட்டர் உயரம். பொதுச்சாலையே கிடையாது! ரயிலில் போகலாம், இல்லையென்றால் நடக்கலாம்!

மலைநாட்டு ஆண்களின் பாவாடை கில்ட். அதைக் கட்டினால் சிறை! நம்புகிறீர்களா? 1746-ல் சட்டம் வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதச் சிறை. இரண்டாம் தடவை 7 ஆண்டு நாடு கடத்தல்! 1782-ல்தான் தடை நீங்கியது.

லாக் டே ஏரியின் அடியில் கிடைத்த ஒரு மரப் பாத்திரத்தில் வெண்ணெய் ஒட்டியிருந்தது. வயது 2,500 ஆண்டு!

அதே வட்டாரத்தில் ஃபோர்ட்டிங்கல் கிராமத்துத் தேவாலயத்தில் ஒரு யூ மரம். வயது குறைந்தது 2,000 ஆண்டு என்கிறார்கள். ஆண் மரம். 2015-ல் அதன் ஒரு கிளை பழம் பழுத்தது. அந்தக் கிளை மட்டும் பெண்ணாக மாறிவிட்டது!

ப்ளேர் கோட்டையின் கோமகனுக்குச் சொந்தமாக ஒரு படையே இருக்கிறது! ஐரோப்பாவில் சட்டப்படி உள்ள ஒரே தனியார் படை. 1845-ல் விக்டோரியா ராணி கொடுத்த உரிமை!

லாக் கேட்ரின் ஏரியில் ஓடும் ‘சர் வால்டர் ஸ்காட்’ கப்பல் 1899-ல் கட்டியது. கடலிலிருந்து ஏரிக்கு வழியில்லை. பாகம் பாகமாகப் பிரித்து, தோணியில் ஏற்றி, பிறகு குதிரை வண்டியில் மலை கடத்தி, ஏரிக்கரையில் மறுபடி பூட்டினார்கள்! கிளாஸ்கோ நகரம் குடிப்பதும் இந்த ஏரியின் தண்ணீர்தான். 1859 முதல்!

திரும்பும் வழியில் டூன் கோட்டை. ‘மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்’ என்ற 1975-ஆம் ஆண்டுப் படத்தில் விதவிதமான கோட்டைகள் வரும். பெரும்பாலானவை இந்த ஒரே கோட்டைதான். கோணத்தை மாற்றி மாற்றி எடுத்தார்கள்! குதிரைக்குப் பணமில்லை. கொட்டாங்கச்சியைத் தட்டிக் குளம்பொலி எழுப்பினார்கள். ரசிகர்கள் தட்டிப் பார்ப்பதற்காக இந்தக் கோட்டையில் கொட்டாங்கச்சி கொடுத்தார்கள்!

பக்கத்திலேயே ஸ்டெர்லிங் கோட்டை. 1543-ல் மேரி ராணிக்கு இங்கே முடி சூட்டினார்கள். ராணிக்கு வயது 9 மாதம்!

1507-ல் ஜான் டாமியன் என்ற ரசவாதி இறகுச் சிறகு கட்டிக்கொண்டு இந்தக் கோட்டை மதிலிலிருந்து குதித்தார். பிரான்சுக்குப் பறக்கிறேன் என்று! போய்ச் சேர்ந்தது கீழே இருந்த குப்பைமேடு. தொடை முறிந்தது. கழுகு இறகோடு கோழி இறகைக் கலந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்!

இந்தக் கோட்டையின் உத்தரக் கட்டைகளுக்கு நடுவே ஒரு பந்து கிடைத்தது. பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி, தோல் போர்த்தித் தைத்த பந்து. சுமார் 1540-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உலகில் கிடைத்தவற்றில் மிகப் பழைய கால்பந்து!

இரண்டாம் நாள் கையில் இருந்தால் லாக் நெஸ் போங்கள். 7.4 கன கிலோமீட்டர் தண்ணீர்! இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் அத்தனையையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது!

இந்த ஏரிக்குள் ஒரு ராட்சத விலங்கு ஒளிந்திருக்கிறது என்று பேச்சு. 1933 டிசம்பரில் லாக் நெஸ் கரையில் அந்த விலங்கின் காலடி! உலகமே பரபரத்தது. ஆராய்ந்தால் அது நீர்யானைப் பாதம். யாரோ பாடம் செய்த நீர்யானைக் காலை மணலில் அழுத்தியிருக்கிறார்கள்! 1934-ல் வந்த புகழ்பெற்ற படம்? பொம்மை நீர்மூழ்கியில் ஒட்டிய கழுத்து. உண்மை வெளிவர 60 ஆண்டு ஆனது!

1969-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்காக 9 மீட்டர் நீளப் பொம்மை விலங்கு செய்தார்கள். திமில் பிடிக்கவில்லை, எடுங்கள் என்றார் இயக்குநர். எடுத்தார்கள். பொம்மை மூழ்கிவிட்டது! 2016-ல் ஒலியலைக் கருவியோடு தேடிய ரோபோ அதை ஏரியின் அடியில் கண்டுபிடித்தது.

2018-ல் விஞ்ஞானிகள் ஏரித் தண்ணீரை அள்ளி அதில் மிதந்த மரபணுக்களைப் படித்தார்கள். ராட்சதப் பல்லி இல்லை. ஆனால் மாதிரி எடுத்த இடங்களில் எல்லாம் விலாங்கு மீனின் மரபணு!

எய்லன் டோனன் கோட்டை! மூன்று கடற்கழிகள் கூடும் இடத்தில் குட்டித் தீவில் நிற்கிறது. 1719-ல் ஸ்பானிய வீரர்கள் உள்ளே இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை பீரங்கியால் அடித்துப் பிடித்து, அவர்கள் சேர்த்து வைத்திருந்த 343 பீப்பாய் வெடிமருந்தாலேயே கோட்டையைத் தகர்த்தது. 200 ஆண்டு இடிபாடு. மறுபடி கட்டி முடித்தது 1932-ல்! எல்லா வாழ்த்து அட்டையிலும் வரும் பழங்காலக் கோட்டைக்கு வயது 100 கூட ஆகவில்லை!

இதே கோட்டையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்! ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம், 2000. தலைப்புப் பாடலில் ஐஸ்வர்யா ராய்க்குப் பின்னால் தெரிவது இதுதான்!

கடைசியாக, எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் தகவல். இன்வர்னஸுக்கு வடக்கே ஃபைரிஷ் என்ற குன்று, 453 மீட்டர். உச்சியில் வளைவு வைத்த கல்வாசல் தன்னந்தனியாக நிற்கிறது. எந்த ஊர் வாசல் தெரியுமா? நாகப்பட்டினத்து வாசல்!

1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர் சர் ஹெக்டர் மன்றோ. ஊர் திரும்பியதும் அந்தக் கோட்டை வாசலின் சாயலில் 1782-ல் இதைக் கட்டினார். பஞ்சத்தில் வாடிய உள்ளூர் மக்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காகவே கட்டினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று கற்களை இரவில் அவரே மலையிலிருந்து உருட்டிவிட்டார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்!

ஜூன் மாதம் போங்கள். இரவு 10 மணி வாக்கில்தான் சூரியன் மறையும், எல்லாம் பார்க்க நேரம் கிடைக்கும். இன்வர்னஸ் வரை போய்விட்டு நாகப்பட்டினத்து வாசலில் நின்று ஒரு படம் எடுக்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்!